முப்பதாம் நாள் பூசை

படத்தில் என் வீட்டை இருட்டாகக் காட்டியிருக்கிறார்கள். என் வீட்டுக் கூடத்தில் மட்டும் இரண்டு ட்யூப்லைட் இருக்கிறது. அன்றைக்கு இரண்டும் எரிந்துகொண்டுதான் இருந்தன. கேமராக்காரர் ‘கண்ணு கூசுதும்மா’ என்று அணைத்தார். பிறகு சன்னலுக்கும் துணி போட்டார். பார்த்தவர்கள் நான் ஏதோ குகையில் குடியிருப்பதாக நினைத்திருப்பார்கள். மஞ்சக்குப்பத்தில் இதைவிட வெளிச்சமான வீடு அதிகம் இல்லை.

மற்றபடி அந்த ஆவணப்படத்தைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. மூன்று பாகம். மூன்றையும் பார்த்தேன். மூன்றாம் பாகத்தின் கடைசியில் ஜெனி சிரிக்கிறாள். அந்த இடத்தை நான்கைந்து முறை பார்த்தேன்.

படமெடுத்த பெண் தமிழ்மணி. சென்னையிலிருந்து வந்து என் எதிரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் காபி கொடுத்தேன், பதில் கொடுக்கவில்லை. அதையும் படத்தில் வைத்துவிட்டாள். நான் காபி ஆற்றுகிறேன், பின்னால் வயலின் அழுகிறது. இப்போது ஒரு தாள் அனுப்பியிருக்கிறாள். படம் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளாம். மேலே கையால் எழுதியிருக்கிறாள்: ‘பதில் தெரியாம ஜனங்க விட மாட்டேங்கிறாங்கம்மா. நீங்க சொன்னா நாலாவது பாகம் போடலாம்.’ மரியாதையான பெண். அதனால் எழுதுகிறேன். பயந்து எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காக: என் பெயர் சவரிமேரி. வயது எழுபத்திரண்டு. என் தங்கை மகள் ஆரோக்கிய ஜெனிபர், பதினாலு வயதிலிருந்து நான் வளர்த்தவள். அவள் மரிய அருள் என்கிற கப்பல் இன்ஜினியரை ஒன்பது வருடம் போனில் காதலித்தாள். அப்படி ஒருவர் கிடையாது. நான்தான் எழுதினேன். இதைச் சொல்லப் படத்துக்கு மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது.

முதல் கேள்வி, அந்த ஆண் குரல் யாருடையது, எனக்கு உடந்தையாக இருந்த ஆண் யார் என்பது. நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் என் பக்கத்து வீட்டுப் பழனிவேலைச் சந்தேகப்பட்டிருக்கிறார். பாவம், பழனிவேலுக்கு அவர் மனைவியிடம் பேசவே குரல் வராது.

இவ்வளவையும் ஒரு பெண் தனியாகச் செய்திருக்க முடியாது என்று ஏன் நினைக்கிறார்களோ தெரியவில்லை. நான் கடலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவள். பாதிக்கு மேல் ட்ரங்க் கால் போர்டில். காதில் ஹெட்போன், இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் நான். லைனைச் சேர்த்துவிட்டால் நாங்கள் வெளியே வந்துவிட வேண்டும் என்பது விதி. யாரும் வந்ததில்லை. ஊரில் ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது, எல்லார் பேச்சும் தெரியும். இன்றைக்கும் எனக்குக் கதை என்றால் இரண்டு பேர் பேசிக்கொள்வதுதான். யாராவது மரம், மழை, மேகம் என்று ஆரம்பித்தால் எனக்குக் காது அடைத்துவிடும்.

மாலை ஷிப்டில் வம்புக்கென்றே கூப்பிடுகிறவர்கள் உண்டு. ‘நம்பர் சொல்லுங்க’ என்றால் ‘உன் நம்பரச் சொல்லு’ என்பார்கள். அப்போது எங்கள் சூப்பர்வைசர் கண்ணாயிரம் சார் குரலில் பேசுவேன். ‘கண்ணாயிரம் பேசுறேன். யாருய்யா நீ?’ அந்தப் பக்கம் போனை வைத்துவிடுவார்கள். ஒருநாள் அவரிடமே பேசிக் காட்டினேன். ‘நான் இவ்ளோ நல்லாவா பேசுறேன்?’ என்றார்.

ஜெனியிடம் நான்கு முறை பேசியது அந்தக் குரல்தான். சிதம்பரத்தில் ஸ்கேன் சென்டரில் அவள் மத்தியானச் சாப்பாட்டில் இருக்கும் நேரம். நான் இங்கே மேசை ஃபேனை நாலில் வைத்து, அதன் முன்னால் போனைப் பிடித்துக்கொள்வேன். கடல் காற்று. ‘லைன் சரியில்ல ஜெனி, கேக்குதா?’ ஒரு நிமிடத்துக்கு மேல் போகமாட்டேன். அந்தக் குரலை இன்னும் மறக்க முடியவில்லை என்று படத்தில் கண் கலங்கிச் சொல்கிறாள். கண்ணாயிரம் சார் உயிரோடு இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். மூலத்தில் மிகவும் கஷ்டப்பட்ட மனிதர்.

பணத்துக்காகவா என்று கேட்டவர்களுக்கு: இல்லை. ஒரு ரூபாய் வாங்கவில்லை. போலீஸ் மூன்று நாள் அதைத்தான் தேடியது, கிடைக்காமல் என்மேல் கோபப்பட்டது.

அடுத்து, ஏன் செய்தேன் என்பது.

எனக்குப் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரர் இருதயசாமி நல்ல வாயாடி. கத்தரிக்காய் வாங்கி வந்தால் கத்தரிக்காய்க்காரியோடு பேசிய பேச்சையும் சேர்த்துக் கொண்டுவருவார். அவர் 2013இல் போனார். அப்புறம் நானும் ஜெனியும். அவள் காலை ஏழு மணி பஸ்ஸில் சிதம்பரம் போய் மாலை ஏழு மணிக்கு வருவாள்.

‘சாப்ட்டியா?’

‘ம்.’

‘பஸ்ல கூட்டம் ஜாஸ்தியா?’

‘ம்.’

ஒரு வருடம் இந்த ‘ம்’மோடு குடும்பம் நடத்தினேன். நீங்கள் யாராவது நடத்தியிருக்கிறீர்களா?

என் வீட்டுக்காரர் பேரில் வாங்கி யாருக்கும் நம்பர் தெரியாமல் கிடந்த சிம் ஒன்று பீரோவில் இருந்தது. ஒருநாள் அதிலிருந்து எழுதினேன்: ‘புதுச்சேரியில் பாடற்குழுப் பயிற்சிக்கு வந்திருந்தீங்க. பச்சைக் குடை. ஞாபகம் இருக்கா?’ பயிற்சிக்குப் பஸ் காசு கொடுத்தது நான். குடையும் என்னுடையது.

அன்றைக்கு ஏழு மணிக்கு வந்தவள் செருப்பைக் கழற்றாமலே சமையற்கட்டுக்கு வந்தாள். ‘பெரிம்மா, ஒரு கூத்து தெரியுமா?’ ஒரு வருடத்தில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம். நீங்களாக இருந்தால் அதோடு நிறுத்தியிருப்பீர்களா?

ஒரே ஒரு நாள் பேச்சை எழுதுகிறேன். ஒன்பது வருடமும் ஏறக்குறைய இப்படித்தான்.

‘பெரிம்மா, உனக்கு என்னா புடிக்கும்னு கேக்குறாரு. என்னா போட?’

‘நெத்திலி வறுவல்னு போடு.’

‘சீ. மொத மொதல்ல யாராச்சும் நெத்திலின்னு சொல்லுவாங்களா?’

‘கப்பல்காரன்டி. மீனப் பத்திப் பேசுனா அவனுக்கும் நாலு வார்த்த வரும்.’

அவள் அனுப்பினாள். நான் குளியலறைக்குப் போய் அந்த நாலு வார்த்தையை எழுதிவிட்டு வந்தேன். படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ‘எப்படி பெரிம்மா ஒனக்கு இவுரு மனசு இப்படித் தெரியுது?’

படத்தில் வந்த மனநல மருத்துவர் நான் அவளைத் தனிமைப்படுத்தினேன் என்கிறார். அந்த வீட்டில் அவ்வளவு பேச்சு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

டேவிட் ராஜ் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அதிகம் திட்டு விழுவது அதற்குத்தான்.

டேவிட் ராஜ் குறிஞ்சிப்பாடிக்காரன். சிதம்பரத்தில் பாலிடெக்னிக் ஒன்றில் வாத்தியார். ஜெனியோடு ஒரே பஸ்ஸில் போய்வந்ததில் பழக்கம். 2018இல் பெண் கேட்டு வந்தான். ஒழுங்கான பிள்ளை, காபியைச் சத்தம் போட்டுக் குடிப்பான், வேறு குறை சொல்ல முடியாது.

‘அருளு நல்லவருதான் பெரிம்மா,’ என்றாள் ஜெனி. ‘ஆனா நாலு வருஷமா கப்பல்லயே இருக்காரு. டேவிட்டு பஸ்ஸுல எனக்கு எடம் புடிச்சு வெக்கிறாரு.’

நான் சம்மதித்தேன். இதைப் படத்தில் சொல்லவில்லை. சம்மதித்து, புடவை எடுக்கக்கூடப் போனேன். கடையில்தான் சொன்னாள், கல்யாணத்துக்குப் பிறகு சிதம்பரத்திலேயே வீடு பார்க்கப்போவதாக. இரண்டு பேருக்கும் வேலை அங்கே, நியாயம்தான். ‘நீயும் வந்துடேன் பெரிம்மா’ என்றாள். அப்படிச் சொன்னபோது அவள் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்னை அல்ல.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று. மூன்று ஓலையும் முடிந்தால்தான் கல்யாணம். முதல் ஓலை வாசித்தபோது நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். இரண்டாம் ஓலைக்கும் இருந்தேன். என் வாயால் ஒரு தடையும் சொல்லவில்லை.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், வியாழக்கிழமை, அருள் எழுதினார்: ‘சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. உனக்குத் தொந்தரவு தர இதை எழுதவில்லை. உன் கல்யாணம் நல்லபடி நடக்கட்டும்.’

படத்தில் இதைத் திரை முழுக்கக் காட்டினார்கள். நீங்களே படித்துப் பாருங்கள். கல்யாணம் நடக்கட்டும் என்றுதான் இருக்கிறது. நிறுத்தியது ஜெனி.

அவளோடு பங்குத்தந்தையிடம் நானும் போனேன்.

‘தடைன்னு யாரும்மா சொன்னது?’ என்றார்.

‘நான்தான் ஃபாதர் தடை,’ என்றாள்.

மூன்றாம் ஞாயிறு டேவிட் ராஜ் புதுச் சட்டையில் வந்திருந்தான். ஜெனி அவனுக்கு இன்னும் சொல்லியிருக்கவில்லை. ஓலை வாசிக்காமலே அறிவிப்புகள் முடிந்தன. பூசை முடியும்வரை உட்கார்ந்தே இருந்தான். எல்லாரும் எழுந்தபோதுகூட எழவில்லை.

அதற்குப் பிறகு அருள் ஐந்து வருடம் நோயாளி. ஒரு மாதம் தேறுவார், இரண்டு மாதம் படுப்பார். ஜெனி வெள்ளிக்கிழமை தோறும் ஒருபொழுது இருந்தாள். முப்பத்துமூன்று வயதில் வேளாங்கண்ணி போய் முடி கொடுத்தாள். மொட்டைத் தலையோடு என் தோளில் சாய்ந்துகொண்டாள். சொரசொரவென்று என் கழுத்தில் குத்தியது. நான்தான் சந்தனம் தடவிவிட்டேன்.

‘அவுருக்கு நல்லாயிடும்ல பெரிம்மா?’

‘ஆயிடும்டி.’

அன்றைக்கே அவரைக் கொஞ்சம் தேற்றினேன். அவ்வளவு முடியைக் கொடுத்தவளுக்கு ஒரு வாரமாவது சந்தோஷம் வேண்டாமா?

பாவசங்கீர்த்தனம் செய்தீர்களா என்று ஒரு கன்னியாஸ்திரி கேட்டிருக்கிறார். மாதாமாதம் செய்தேன். ‘பொய் சொன்னேன் சாமி’ என்பேன். மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொல்வார்கள். சொல்லிவிடுவேன். ஒன்பது வருடத்தில் ஒரு மாதம்கூட விட்டதில்லை. ஆகவே அந்தக் கேள்வி எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் முடிந்துபோனது.

இனி எல்லாரும் கேட்ட கேள்வி: இவ்வளவு கெட்டிக்காரி எப்படி மாட்டிக்கொண்டாள்? படத்தில் அந்தக் காட்சியை நடிக்கவைத்து எடுத்திருக்கிறார்கள். பேச்சு ஒன்றும் சரியில்லை. நான் நடந்தபடி எழுதுகிறேன்.

2023இல் ஜெனி எனக்குத் தெரியாமல் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாள். விசாரிக்கப் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ‘சிங்கப்பூர் போறேன் பெரிம்மா. ஒரு தடவ அவுரு கையப் புடிச்சிட்டு வந்துட்றேன்.’ ஜூன் பத்தாம் தேதிக்குள் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிடும் என்றாள். ஆகவே அருள் ஒன்பதாம் தேதி சாக வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை. நம் ஆண்டவர் இறந்த கிழமை.

ஒரு மனிதனை ஒன்பது வருடம் வைத்திருந்துவிட்டு, பூசை இல்லாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. முப்பதாம் நாள் பூசையாவது வேண்டும். கடலூரில் கொடுத்தால் பெயர் வாசிக்கும்போது யார் இந்த மரிய அருள் என்று ஊர் கேட்கும். ஜூன் மூன்றாம் தேதி கண் டாக்டரைப் பார்க்கச் சிதம்பரம் போக வேண்டியிருந்தது. இன்னொரு தடவை பஸ் ஏற முழங்கால் விடாது. அதனால் அன்றைக்கே அங்கே மாதா கோயில் ஆபீசுக்குப் போனேன். நித்யா மேரி என்ற பெண் நோட்டை எடுத்தாள்.

‘யாருக்கு பாட்டிம்மா?’

‘மரிய அருளு. முப்பதாம் நாளு. ஜூல எட்டு.’

‘குடுக்குறவங்க பேரு?’

இங்கேதான் வேறு பெயர் சொல்லியிருக்க வேண்டும் என்கிறார்கள். அந்த அறையில் திருஇருதய ஆண்டவர் படம் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கப் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ‘சவரிமேரி, கடலூர்’ என்றேன்.

ஒன்பதாம் தேதி அருளின் தங்கையாக நான் எழுதினேன். ஜெனி நான்கு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. ரசம் சாதம் பிசைந்து ஊட்டினேன். அவளும் முப்பதாம் நாளை எண்ணிக்கொண்டிருப்பாள் என்றோ, என்னைப் போலவே ஊர் கேட்கும் என்று பயந்து சிதம்பரத்தில் கொடுக்க நினைப்பாள் என்றோ எனக்குத் தோன்றவில்லை. என்ன இருந்தாலும் நான் வளர்த்த பிள்ளை.

நித்யா மேரி பின்னால் போலீசிடம் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

‘ஜூல எட்டு, மரிய அருளு, முப்பதாம் நாளு,’ என்றாள் ஜெனி.

‘அதான் ஏற்கெனவே இருக்கேக்கா. உங்க வீட்லேர்ந்து குடுத்துட்டாங்களே. சவரிமேரி, கடலூர்.’

‘எங்க பெரிம்மா. எங்கிட்ட சொல்லவே இல்ல பாரு. அது அப்படித்தான், தங்கம். எப்ப வந்துச்சு?’

‘மூணாந்தேதி.’

‘இந்த மாசமா?’

‘போன மாசம். ஜூனு. இந்தா, நீங்களே பாருங்க.’

‘தங்கம்’ என்று அவள் சொன்னதைப் படத்தில் வெட்டிவிட்டார்கள்.

அன்றைக்கு அவள் மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் துவரம்பருப்பு புடைத்துக்கொண்டிருந்தேன்.

‘பெரிம்மா, அவுரு எப்ப செத்தாரு?’

‘ஒம்பதாந்தேதி.’

‘நீங்க மூணாந்தேதியே பூச குடுத்திருக்கீங்க.’

வாழ்நாளில் அன்றைக்குத்தான் என்னை ‘நீங்க’ என்றாள்.

‘ஆமாம்,’ என்றேன். ‘அப்புறம் தேதி கெடைக்காதுடி.’

நான் மீதிப் பருப்பையும் புடைத்து முடித்தேன். பிறகு அவள் பீரோவைத் திறந்து அந்த சிம் போட்டிருந்த போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நேராகப் போலீஸ் ஸ்டேஷன். இப்போது வழக்கு நடக்கிறது. வயதைப் பார்த்து ஜாமீன் கொடுத்தார்கள். அவள் சிதம்பரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் இருக்கிறாள். வயது முப்பத்தெட்டு. என் முகத்தில் விழிக்கமாட்டாள். அது அவள் உரிமை.

தாளில் கடைசிக் கேள்வி தமிழ்மணியுடையது. ‘ஜெனிகிட்ட இப்ப ஏதாவது சொல்லணும்னு நெனைக்கிறீங்களா?’

சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

படத்தின் கடைசியில் ஜெனி விடுதி மாடியில் நின்று பேசுகிறாள். ‘இப்ப எனக்கு ஒரே ஃப்ரெண்டு இளவரசி அக்காதான். ஸ்ரீமுஷ்ணத்துல இருக்காங்க. என் விஷயம் பேப்பர்ல வந்தப்ப அவுங்களாத்தான் எழுதுனாங்க. அவுங்க இல்லன்னா நான் என்னா ஆயிருப்பேனோ.’ சொல்லிவிட்டு, நான் முன்பு சொன்னேனே, சிரிக்கிறாள்.

போலீஸ் என் போன்களை எடுத்துக்கொண்ட பிறகு, பழனிவேலின் மனைவி மாரியம்மாள் தன் பழைய போனைக் கொடுத்தாள். ஜெபம் கேட்க. அதில்தான் இளவரசி இருக்கிறாள்.

ஒருமுறை ஏமாந்தவள் மறுபடி எப்படி நம்பினாள் என்று கேட்பீர்கள். இளவரசி அவளுக்கு எழுதிய முதல் வரி இது: ‘யாரையும் நம்பாதப்பா, என்னையும் சேத்துத்தான்.’ அன்றைக்கே நம்பிவிட்டாள்.

இதை அருள் விஷயத்தோடு சேர்க்காதீர்கள். அது பொய், ஒப்புக்கொள்கிறேன், நிறுத்திவிட்டேன். இளவரசி சொல்வதெல்லாம் உண்மை. அவள் புருஷனை இழந்தவள், நானும்தான். தனியாக இருக்கிறாள், முழங்கால் வலி, பேச ஆளில்லை. பெயர் மட்டும் வேறு. ஊர் கொஞ்சம் தள்ளி.

போன வாரம் ஜெனி அவளுக்கு எழுதினாள். ‘அக்கா, டேவிட் படத்தப் பாத்துட்டு வந்தாரு. அவுரு இன்னும் கல்யாணம் பண்ணிக்கல. திரும்பக் கேட்டாரு, சரின்னுட்டேன். வர்ற ஞாயிறு மொத ஓல.’

‘ஓலைன்னா என்னப்பா?’ என்று கேட்டாள் இளவரசி. அவள் இந்து. ஜெனி பொறுமையாக எல்லாம் விளக்கினாள், மூன்று ஞாயிறு, தடை, பங்குத்தந்தை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான், ஒரு வார்த்தை பிசகவில்லை. கல்யாணம் முடிந்து இரண்டு பேரும் துபாய் போகிறார்களாம். டேவிட்டுக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது. அங்கே போனால் இந்த நம்பர் இருக்காதாம், பழசெல்லாம் வேண்டாம் என்கிறானாம். ‘ஒங்களுக்கு மட்டும் புது நம்பர் தர்றேங்க்கா’ என்றாள். பார்க்கலாம்.

இந்தத் தாளை மூன்றாம் ஓலைக்கு மறுநாள் தமிழ்மணிக்குத் தபாலில் போடுவேன். அதற்குமுன் போட்டால் ஜெனியின் மனம் குழம்பும். நான் அவள் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை. அப்போதும் நின்றதில்லை. இளவரசி எழுதியது இவ்வளவுதான்: ‘நல்லா இருப்பா. என்னப் பத்தி நெனைக்காத. நேத்துலேர்ந்து நெஞ்சுல லேசா ஒரு வலி, அது கெடக்கு.’

படித்துவிட்டாள். இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டது.